அப்பாவைக் கேட்காமல்

பூட்டில், லிவர்பூல்
ஞாயிறு, 9 மார்ச் 1986

அன்பு மகள் லோர்னாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் அப்பாவும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே ஆஸ்திரேலியாவில் நீயும் மருமகன் க்ரெய்கும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்று பூசைக்குப் போகும்போதெல்லாம் மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். கால் வீங்குகிறது என்று எழுதியிருந்தாயே, நின்றுகொண்டே சமைக்காதே, உப்பைக் குறை, க்ரெய்கை உருளைக்கிழங்கு உரிக்கச் சொல், அவன் கை ஒன்றும் தேய்ந்துவிடாது. இங்கே குளிர் இன்னும் போகவில்லை. பக்கத்து வீட்டு நோரா மறுபடியும் தலைக்குச் சாயம் அடித்திருக்கிறாள், இந்த முறை கேரட் நிறம், தெருவே பார்த்துக்கொண்டிருக்கிறது. கிளி சௌக்கியம். அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறார், காலையில் தன் காய்கறித் தோட்டத்துக்குப் போய் முட்டைக்கோசோடு பேசிவிட்டு வருகிறார். அப்பாவைப் பற்றித்தான் இந்தக் கடிதமே, சுற்றி வளைத்துக்கொண்டிருக்கிறேன், எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

அப்பா சிக்னல்மென் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர் என்பது உனக்குத் தெரியும், பரணில் இருந்த குச்சிகளை வைத்து நீ பாத்திரங்களை நெளித்ததும் எனக்கு மறக்கவில்லை. ஆனால் அந்தக் காலத்து வழக்கம் ஒன்றை உனக்குச் சொன்னதில்லை. அப்போது நான் கப்பல் கம்பெனியில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பழக்கிடங்குக்கு அடியிலிருந்த நிலவறை கிளப்புக்குப் பாட்டுக் கேட்க ஓடுவோம், தலையில் சுருட்டைக் குழல்கள், மேலே ஸ்கார்ஃப், கையில் பாதி கடித்த ரொட்டி. சுவரெல்லாம் வேர்க்கும், அழுகின ஆரஞ்சு நாற்றமும் பினாயில் நாற்றமும் துணியில் ஒட்டிக்கொள்ளும், திரும்பி வந்ததும் மேனேஜர் மூக்கை உறிஞ்சிவிட்டு மறுபடியும் அந்தப் பாதாளத்துக்கா என்பார். ஊரில் தெருவுக்கு ஒரு குழு இருந்தது, டிரம்ஸ் வாசிக்கிறவன்தான் பஞ்சம். ஒருவனுக்கு உடம்பு முடியாவிட்டால் கூட்டத்தில் இருக்கும் இன்னொருவன் அவனுடைய டிரம்ஸ் முக்காலியில் ஏறி உட்கார்ந்துவிடுவான். ஆனால் உட்காருவதற்கு முன்னால் அந்த முக்காலிக்கு உரியவனிடம் நேரில் போய், உன் இடத்துல உட்காரலாமா என்று கேட்க வேண்டும். கேட்காமல் உட்கார்ந்தவனோடு ஊரில் ஒருத்தனும் வாசிக்க மாட்டான். சிக்னல்மென்னின் பழைய டிரம்ஸ்காரனுக்குப் பொன்னுக்குவீங்கி வந்தபோது அப்பா மழையில் அவன் வீட்டுக்கு ஓடி, தெருவில் நின்று ஜன்னலைப் பார்த்துக் கத்திக் கேட்டுவிட்டுச் சொட்டச் சொட்ட வந்து உட்கார்ந்தார். அந்த நனைந்த சட்டையைப் பார்த்துத்தான் நான் விழுந்தேன். பிறகு குழு வாசிப்பதற்காக ஜெர்மனியில் ஹாம்பர்க் போனபோது நீ என் வயிற்றில் இருந்தாய், அப்பா போகவில்லை. மிக் என்ற பையன் எங்கள் வாசலில் வந்து நின்று கேட்டான். அப்பா சிரித்துக்கொண்டேதான் கொடுத்தார். அதற்கப்புறம் கார் தொழிற்சாலைதான்.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். அந்தப் பழைய குழுக்களையெல்லாம் நினைத்துத் துறைமுகத் தொழிலாளர் மன்றத்தில் ஒரு சனிக்கிழமைக் கூட்டம் வைத்தார்கள், மிஞ்சியிருப்பவர்கள் எல்லாரும் ஒரே மேடையில். சிக்னல்மென்னில் பாடின க்ளைவ் போன் செய்தபோது அப்பா தோட்டத்தில் இருந்தார். டெஸ் இல்லாம எப்படி பெரில், உன் வீட்டுக்காரன்கிட்ட குச்சியைத் தேடி வைக்கச் சொல்லு என்றான். நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அவரால முடியாது க்ளைவ், நெஞ்சு வலிக்கு அப்புறம் டாக்டர் இதெல்லாம் கூடவே கூடாதுன்னுட்டார் என்றேன். டாக்டர் அப்படிச் சொல்லவே இல்லை, மாடிப்படி மெதுவாக ஏறுங்கள் என்றுதான் சொன்னார். ஐயோ பாவம், அப்ப மிக்கைக் கூப்பிட்டுக்கறேன் என்று வைத்துவிட்டான். நான் அப்பாவிடம் மூச்சு விடவில்லை. பேப்பரில் விளம்பரம் வந்த பக்கத்தை எடுத்துக் கிளிக்கூண்டின் அடியில் விரித்துவிட்டேன். நல்லதுக்குத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தொழிற்சாலையிலிருந்து அவரைத் தூக்கி வந்த அன்றைக்கு அவர் முகம் இருந்த நிறம் என் கண்ணை விட்டுப் போகவில்லை லோர்னா, அவ்வளவுதான் காரணம், ஆனால் காரணம் இருந்தால் மட்டும் செய்தது சரியாகிவிடுமா?

அந்த வாரம் முழுக்க அப்பா டீ குடிக்கும்போது, சனிக்கிழமை என்ன பண்றோம் பெரில் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். டிவி பார்ப்போம் என்பேன். சரி என்பார். வெள்ளிக்கிழமை கசாப்புக் கடைக்குப் போகப் பஸ் ஏறினால் ஓட்டுநர் இருக்கையில் மிக். இப்போது மொட்டைத் தலை, தொப்பை ஸ்டீயரிங்கில் இடிக்கிறது. ஏம்மா பெரில், திங்கக்கிழமையே தோட்டத்துக்குப் போய் டெஸ்ஸைக் கேட்டுட்டேன், தாராளமா உட்காருடா மிக்குன்னான், அவன் மனசுக்குள்ள ஒண்ணும் வெச்சுக்கலையே என்றான். வழக்கம் வழக்கம் என்று உனக்கு இத்தனை எழுதினேனே, அதே வழக்கம் எனக்கு மறந்துவிட்டது. இத்தனை வருஷத்துக்கு அப்புறமும் மிக் கேட்காமல் உட்கார மாட்டான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அப்பாவுக்குத் திங்கட்கிழமையே எல்லாம் தெரியும். தினமும் அவர் சனிக்கிழமையைப் பற்றிக் கேட்டது நான் வாயைத் திறக்கட்டும் என்றுதான்.

அன்று சாயங்காலம் மீன் பொரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன், அவர் முகத்தைப் பார்க்காமல் சட்டியைப் பார்த்துக்கொண்டு. அப்பா சட்டியை எட்டிப் பார்த்தார். பிறகு, மீன் கருகுது பாரு என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

நேற்று இரண்டு பேரும் போனோம். அவரே நல்ல சட்டையைத் தேய்த்துக்கொண்டார், என்னிடம் கொடுக்கவில்லை. மன்றம் முழுக்க எங்கள் வயசுக் கூட்டம், அன்றைக்குச் சுருட்டைக் குழலோடு வந்த பெண்களுக்கெல்லாம் இன்று முழங்கால் வலி. டெஸ், அது உன் சொந்த முடியா இல்ல இரவலா என்று யாரோ கத்த, இரவல்தான், உன் மண்டையில ஒண்ணும் மிச்சமில்லாம நான்தான் வாங்கிட்டேன் என்று அப்பா திருப்பிக் கொடுத்தார். சிக்னல்மென் ஏறி நாலைந்து பாட்டு முடிந்ததும் அப்பா எழுந்து மேடைக்குப் போனார். தன்னுடைய பழைய முக்காலிக்குப் பக்கத்தில் நின்று, உன் இடத்துல கொஞ்சம் உட்காரலாமா மிக் என்று கேட்டார். மிக் உடனே எழுந்து குச்சிகளைக் கொடுத்தான். முதல் பாட்டு நன்றாகத்தான் போயிற்று, எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அடுத்தது வேகமான பாட்டு. பாதியில் இடது கை பின்தங்கிவிட்டது. க்ளைவ் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான், பிறகு அப்பாவுக்காகப் பாட்டையே மெதுவாக்கிக்கொண்டான். அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தாளம் தெரியும், அத்தனை பேரும் தேவைக்கு மேல் கை தட்டினார்கள். அப்பா குச்சிகளை மிக்கிடம் கொடுத்து, அவன் தோளைத் தட்டிவிட்டு இறங்கினார்.

பஸ் நிறுத்தத்தில் வறுத்த உருளைக்கிழங்கு வாங்கி வினிகர் ஊற்றி என் கையில் கொடுத்தார். நீ சொன்னது சரிதான் பெரில், கை வரலை என்றார். நான் வாயைத் திறப்பதற்குள், ஆனா அதை அங்க உட்கார்ந்து நான்தான் தெரிஞ்சுக்கணும், நீ அடுப்பங்கரையில இருந்து முடிவு பண்ணக்கூடாது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. மீதிக் கிழங்கை நான் பொட்டலத்தோடு மடித்துவிட்டேன்.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்லிவிடுகிறேன். புத்தாண்டன்று நீ போன் செய்து, பிள்ளை பிறக்கும்போது இரண்டு பேரும் பெர்த்துக்கு வாங்கம்மா, டிக்கெட் நாங்க அனுப்பறோம் என்றாயே. அப்பாவை டாக்டர் விமானம் ஏற விடமாட்டார் என்று நான் சொன்னேன், நீயும் அழுதாய். எந்த டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை மகளே. அப்பா அப்போது குளித்துக்கொண்டிருந்தார். நீ கூப்பிட்டது அவருக்கு இன்றுவரை தெரியாது. போன வாரம்கூட, நம்மளை வரச்சொல்லி ஒரு வார்த்தை கேட்கலியா அவ என்றார், அவளுக்கு ஆயிரம் வேலை என்று சொல்லிவிட்டு நான் பாத்திரம் கழுவப் போய்விட்டேன். நீ கூப்பிடவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நேற்றுப் பஸ் நிறுத்தத்திலேயே சொல்லியிருக்கலாம், இன்று பூசை முடிந்து வரும்போதும் சொல்லியிருக்கலாம். இரண்டு தடவையும் வாய்வரை வந்து நின்றுவிட்டது.

அதனால் நீ அவருக்கு எழுது. உறையின் மேல் அவர் பெயர் மட்டும் இருக்கட்டும், நான் பிரிக்க மாட்டேன். ஜனவரியிலேயே கூப்பிட்டேன் என்பதையும் எழுது, என்னைக் காப்பாற்றப் பார்க்காதே. விமானம் ஏற முடியுமா முடியாதா என்று அவரே போய் டாக்டரைக் கேட்கட்டும். உன் கடிதம் வருவதற்குள் நானே சொல்லிவிடுவேன் என்று மாதா முன்னால் நின்று சொல்லியிருக்கிறேன், ஆனால் என்னை நம்பி எழுதாமல் இருந்துவிடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். பால் குடி. குழந்தைக்கு வெள்ளை நூலில் ஒரு சட்டை பின்னிக்கொண்டிருக்கிறேன், ஒரு கை முடிந்துவிட்டது. மாதா உன்னையும் உன் பிள்ளையையும் தன் முந்தானைக்குள் வைத்துக்கொள்ளட்டும். க்ரெய்குக்கு எங்கள் இருவர் ஆசியும். மறக்காதே, அவர் பெயர் மட்டும்.

உன் அன்பு அம்மா,
பெரில்