மூடிமேல் மூன்று தட்டு

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

கருவிக்குப் பேட்டரி மாற்றியதாக நீ கையெழுத்துப் போட்ட பேட்டரித் தாள் கிடைத்தது. ஃபோன் இருக்கும்போது தபால் எதற்கு என்று கேட்கிறாய். அலுவலகத்துக்கு உன் கையெழுத்து வேண்டும்; எனக்கு உன் கிறுக்கல் வேண்டும்.

உன் வீட்டுப் பின்னறைக் குழியில் வைத்த கருவி நன்றாக வேலை செய்கிறது. எங்கோ நிலம் நடுங்கினால் அந்த அலை ஆழத்தில் புகுந்து உன் வீட்டுக்கு அடியில் வந்து ஏறுகிறது. சூடான பாறையில் தயங்கும், குளிர்ந்த பாறையில் ஓடும். வந்து சேரும் நேரத்தை வைத்துப் பூமியின் உள்ளே என்ன இருக்கிறது என்று வரைகிறோம். உங்கள் ஆஸ்பத்திரியில் எடுக்கும் ஸ்கேன் மாதிரிதான்.

ஒரு புகார். தினமும் காலை ஏழேகாலுக்கு உன் குதிரைக்குட்டி அந்த அறையில் குதிக்கிறாள். முந்நூறு கிலோமீட்டர் ஆழத்தைத் தேடினால் உன் மகளின் கால்தான் தெரிகிறது. வேண்டுமானால் மூன்று தட்டு தட்டட்டும். அத்தைக்கு வணக்கம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

அக்கா

பிப்ரவரி 19

அக்காவுக்கு,

சொன்னேன். "மூணு தட்டு தட்டினா அத்தைக்குக் கேட்குமாப்பா?" என்றாள். "கேட்கும்டி, உங்க அத்தைக்குப் பாம்புக் காது" என்றேன். அன்றிலிருந்து பள்ளிக்குக் கிளம்புமுன் குழியின் மூடிமேல் கரண்டியால் மூன்று தட்டு. தாயில்லாப் பிள்ளை, யாரோ கேட்கிறார்கள் என்பதே அவளுக்குப் பெரிய சந்தோஷம். பதில் போடு, தபால்காரரைப் பிய்த்து எடுக்கிறாள்.

தம்பி

ஏப்ரல் 28

அக்காவுக்கு,

பதினாறு நாள் ஆகிறது. நான் ஏன் ஃபோனை எடுப்பதில்லை என்று உனக்குத் தெரியும்.

அன்று நிலம் நடுங்கி ஆஸ்பத்திரி வார்டு இடிந்ததும் வீட்டுக்கு அடித்தேன், லைன் இல்லை. பதினோரு மணிக்குத்தான் உனக்கு லைன் கிடைத்தது. "கருவி ஓடிட்டு இருக்குடா. வீடு நிக்குது, பயப்படாதே" என்றாய். நம்பினேன். மாலைவரை அங்கேயே நோயாளிகளைத் தூக்கினேன். ஐந்து மணிக்குப் போய்ப் பார்த்தால் வீடே இல்லை. குழிக்குள் கருவியும் வேலிக் கம்பத்தில் பதிவை உனக்கு அனுப்பும் ஆன்டெனாவும் மட்டும் இருந்தன. காய்ச்சல் என்று நான்தான் அவளைப் பள்ளிக்கு அனுப்பவில்லை.

உடனே உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர். அந்த ஒரு சொல்லில்தான் சோறு இறங்குகிறது.

அவள் தட்டியதெல்லாம் உன்னிடம் இருக்குமே? காகிதத்தில் எடுத்து அனுப்பு.

தம்பி

மே 9

அன்புள்ள தம்பிக்கு,

ஐம்பத்திரண்டு காலைகள் இத்துடன் இருக்கின்றன. அன்றைய பதிவு மட்டும் கெட்டுவிட்டது. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா

மே 17

கெட்டுப்போன பதிவைப் பார்த்தா "வீடு நிக்குது" என்றாய்? சின்ன வயதில் கண்ணாடியை உடைத்துவிட்டு என்மேல் பழி போட்டபோதும் இப்படித்தான் சுருக்கமாகப் பேசினாய். அனுப்பு.

மே 24

தம்பி,

பொய்தான் சொன்னேன். டாக்டர் சொன்ன சொல்லாவது உனக்கு மிஞ்சட்டும் என்று நினைத்தேன்.

நிலநடுக்கம் 10.20க்கு. 10.50இலிருந்து தட்டல் இருக்கிறது. மூன்று, கொஞ்சம் இடைவெளி, மறுபடி மூன்று. நீ என்னைக் கூப்பிட்டபோதும் தட்டிக்கொண்டிருந்தாள். 1.40க்கு இரண்டு தட்டு. அதற்குப் பிறகு இல்லை.

ஆழத்து அலை மெதுவாக ஆடும். அதைப் பார்க்க வேண்டுமென்றால் படபடக்கும் சின்ன அதிர்வுகளை எல்லாம் வடிகட்டிவிடுவோம். அன்றும் வடிகட்டித்தான் வைத்திருந்தேன். பூமியின் மேலோடு முடியும் இடம் அவ்வளவு தெளிவாக நான் பார்த்ததே இல்லை, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் தட்டியது என் மேசைவரை வந்தது, தம்பி. நான் கேட்கவில்லை.

என்னைத் திட்டியாவது ஒரு வரி எழுது.

அக்கா

ஜூன் 2

கருவியைத் தோண்டி எடுத்து உன் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். பேட்டரித் தாளில் கையெழுத்து இருக்கிறது. இனி என் கிறுக்கல் வராது.

அவளை வெளியே எடுத்தபோது கையில் கரண்டி இருந்தது. எதற்கென்று அப்போது புரியவில்லை. அதை மட்டும் நான் வைத்துக்கொண்டேன்.