ராகுகாலம் முடியட்டும்

14 மே 1998, வியாழன்

எரிச்சல் அடங்கவில்லை. ரெண்டு வருஷம் கழித்து குவைத்திலிருந்து வந்த மனுஷனோடு பழவேற்காடு லைட் ஹவுஸ் மேலே ஏறிக் கடலைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான் கேட்டேன். ஒண்ணேகாலுக்கே கிளம்பிவிட்டோம். வாசலில் மாமியார் மறித்தார். "ராகுகாலம் வரப்போவுது. மூணு மணி ஆவட்டும்." இவரும் செருப்பைக் கழற்றிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

ரெண்டு பஸ் மாறிப் போனால் வாட்ச்மேன் கதவைப் பூட்டிவிட்டார். "அஞ்சு மணியோட சரிம்மா."

"நாளைக்குப் பெட்டி கட்டவே சரியா இருக்கும். அடுத்த வாட்டி ஏறிக்கலாம்" என்கிறார் இவர். அடுத்த வாட்டி என்றால் இன்னும் ரெண்டு வருஷம்!

வீட்டுக்கு வந்ததும் காலண்டரைப் பார்த்தேன். சனிக்கிழமை ராகுகாலம் ஒம்பதிலிருந்து பத்தரை. இவரை ஏர்போர்ட்டுக்குக் கூட்டிப்போக ஏஜென்ட் வேன் வருவது ஒம்பதரைக்கு. மாமியாரிடம் காட்டினேன். ஊறுகாய் பாட்டிலுக்குத் துணி கட்டிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை.

"இன்னா பண்றது? வேன்காரன் நமக்காக நிப்பானா?"