ரேடியோ மேல் இருந்த இரண்டு கவர்

14.6.93
மணி இரண்டரை

சகாயம்,

ரேடியோ மேல் நீ வைத்திருந்த இரண்டு கவரையும் காலையில் மார்க்கெட் போகிற வழியில் தபால் பெட்டியில் போட்டுவிட்டேன். ஸ்டாம்பு ஒட்டியிருந்ததே என்று போட்டேன். கிண்டி பேக்டரி, பெங்களூர் கம்ப்யூட்டர் கம்பெனி இரண்டுக்கும் வேலையில் சேருகிறேன் என்று எழுதி வைத்து, சாயங்காலம் ஒன்றைக் கிழிக்க இருந்தாயாமே. மத்தியானம் உன் தங்கச்சி சொல்லித்தான் தெரிந்தது.

ஓடிப்போய், பெட்டியைத் திறக்கிறவரை நின்றேன். "உள்ள பூந்துட்சின்னா என் கைல இன்னாம்மா கீது? ஆபீஸ்ல வந்து கேளு" என்றார் தபால்காரர். ஆபீசில், எழுதினவரே வந்து கையெழுத்துப் போட்டால்தான் தருவார்களாம். நாலரைக்குப் பை கட்டிவிடுவார்கள். வந்தவுடன் சைக்கிளை எடுத்துக்கொண்டு அங்கே வா. நானும் திரும்ப அங்கேதான் போகிறேன்.

நேற்று பெங்களூர் வேண்டாம் என்று கத்தினவள் வேண்டுமென்றே செய்துவிட்டாள் என்று நினைக்காதே. அப்படிச் செய்கிறவள் ஒன்றைத்தானே போட்டிருப்பேன்?

மீன் குழம்பு மூடி வைத்திருக்கிறேன். ராத்திரியும் நீ சாப்பிடவில்லை. இரண்டு வாயாவது சாப்பிட்டுவிட்டு, கதவைப் பூட்டிச் சாவியைப் பக்கத்தில் கங்கம்மா வீட்டில் கொடு.

அம்மா

பி.கு. போஸ்ட்மாஸ்டர் கொடுத்த பாரத்தில் உன் பெயர், விலாசம் எல்லாம் நிரப்பிவிட்டேன். "எந்தக் கவர்மா திரும்ப வேணும்?" என்று கேட்டார். நேற்று அவ்வளவு கத்தினேனே, பேனாவைக் கையில் கொடுத்ததும் எனக்கு எழுத வரவில்லை. அந்த இடம் மட்டும் காலியாக இருக்கிறது.