பயப்படுகிறவள் கையில் அடுப்பு

அக்கா,

போன வாரம் மகளின் அடுக்குமாடி வீட்டில் பெரிய அமளி பண்ணிவிட்டேன். மாலையில் கூடத்தில் உட்கார்ந்து பேரனுக்குச் சட்டைப் பொத்தான் மாட்டிக்கொண்டிருந்தபோது கேஸ் கசிகிற அந்த வாடை வந்தது. யோசிக்கவே இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடி, உள்ளே இருந்த மகளைப் பார்த்து விளக்கைத் தொடாதே, வெளியே வா என்று கத்தினேன். அவள் பதறிப்போய் அடுப்பைப் பார்த்தாள், பிறகு பக்கத்து வீட்டு வாசலைக் காட்டினாள்.

"அம்மா, அது டுரியான் பழம் லா. அவங்க வீட்டுல வெட்டுறாங்க."

பேரன் சிரித்தான். மகள் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து உங்கள் நினைப்பாகவே இருக்கிறது.

நாம் இருவரும் ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவர்கள். நீங்கள் மூத்தவருக்கு, நான் இளையவருக்கு. கோல சிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்துக் கடைசி வீடு. எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த லயத்துக்கு முதல் கேஸ் அடுப்பைக் கொண்டுவந்தவர் என் வீட்டுக்காரர்தான். பக்கத்து வீட்டுப் பெண்கள் எல்லாம் வேடிக்கை பார்க்க வந்தார்கள். சீனக் கடைக்காரர் தோம்பை, அதாவது கேஸ் உருளையை, இறக்கி வைத்து, ரப்பர் குழாயை மாட்டி, இணைப்பில் சோப்பு நுரை தடவிக் காட்டினார். நுரையில் குமிழி வந்தால் கேஸ் கசிகிறதென்று அர்த்தம், தீக்குச்சி கிழித்துப் பார்க்கவே கூடாது என்று தமக்குத் தெரிந்த மலாயில் சொன்னார். நாங்கள் நீல நெருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். நீங்கள் மட்டும் பின்வாசலுக்கு வெளியே நின்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

நீங்கள் அந்த அடுப்பைத் தொடவில்லை. கொல்லையில் தகரக் கூரைக்குக் கீழே விறகடுப்பை வைத்துக்கொண்டீர்கள். உங்கள் வீட்டுக்காரர் கேலி செய்வார். எனக்கு மட்டும் ஒருநாள் துணி அலசும்போது காரணத்தைச் சொன்னீர்கள். நீங்கள் பிறந்த கெர்லிங் பக்கத்துத் தோட்டத்தில், சின்ன வயதில், பக்கத்து வீட்டு அக்காவின் சேலையில் மண்ணெண்ணெய் அடுப்புத் தீ பற்றிக்கொண்டதைப் பார்த்திருக்கிறீர்கள். "அவங்க என் பேரச் சொல்லித்தான் கூப்பிட்டாங்க" என்றீர்கள். அடுப்பைத் தொடாவிட்டாலும், தோம்பு மாற்றும் நாளெல்லாம் வாசலில் நின்றபடியே நுரை தடவச் சொல்வீர்கள். நான் தடவிக் காட்டுவேன்.

அந்த வெள்ளிக்கிழமை. மத்தியானத்திலிருந்தே வானம் கறுத்துக் கிடந்தது. கூடத்துச் சாமி மேடையில் விளக்கேற்றிவிட்டு நீங்கள் கொல்லைக்கு வந்தீர்கள். நான் என் கைப்பிள்ளைக்குக் கேஸ் அடுப்பில் பால் காய்ச்சிக் கொடுத்து, நடு அறையில் சேலைத் தூளியில் போட்டுத் தூங்கவைத்திருந்தேன். மழை இறங்கவும் சன்னல்களைச் சாத்திவிட்டு இருவரும் துணி எடுக்க ஓடினோம். பாதித் துணிதான் எடுத்திருப்போம், மழை நம்மைப் பக்கத்து வீட்டுத் தாழ்வாரத்தில் நிறுத்திவிட்டது. எதிர் ஆள் தெரியாத மழை. சற்றுத் தணிந்ததும் துணி மூட்டையோடு பின்வாசலுக்கு வந்து கதவைத் தள்ளினோம். வாடை முகத்தில் அடித்தது.

உள்ளே இருட்டு. என் கை தானாகச் சுவிட்சுக்குப் போனது. நீங்கள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்த வேகத்தில் வளையல் நொறுங்கிச் சதையில் ஏறியது.

"தட்டாத. முன்னால விளக்கு எரியுது."

அதைக் கேட்டதும்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. முன்கதவு உள்ளே தாழிட்டுக் கிடக்கிறது. நடு அறையில் பிள்ளை. அதற்கு அடுத்த கூடத்தில் தீபம். தரையோடு ஊர்ந்து போகும் கேஸ் எதுவரை போயிருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? நான் உள்ளே பாயப் போனேன். நீங்கள் என்னைப் பின்னுக்குத் தள்ளினீர்கள். நடு அறைச் சன்னலுக்குப் போய் நில் என்றீர்கள். ஈரத் துண்டை மூக்கில் சுற்றிக்கொண்டு, அதுவரை ஒருநாளும் காலெடுத்து வைக்காத அந்த அடுப்படிக்குள் நுழைந்தீர்கள்.

சன்னலுக்குக் கீழே மழையில் நின்றேன். வாழ்நாளில் அப்படியொரு பயம் நான் பட்டதில்லை. கூரைத் தகரத்தில் விழும் மழையைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. அக்கா என்று கூப்பிட வாய் வரவில்லை. கூப்பிட்டால் அந்த ஓசைக்கே வெடித்துவிடும் என்பதுபோல இருந்தது. அடுப்படிச் சன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு என் தலைக்கு மேலே பலகைக் கதவு திறந்தது. தூளிச் சேலையோடு பிள்ளையை நீட்டினீர்கள். வாங்கியதும் அது வீறிட்டது. அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நிமிர்ந்தால் உங்களைக் காணோம்.

அப்போது கத்தினேன். லயமே வந்துவிட்டது. யாரையும் கிட்டே விடாமல், யாரும் சுருட்டைப் பற்றவைக்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேனாம், எனக்கு நினைவில்லை. முன்கதவுத் தாழ் விலகும் சத்தம் மட்டும் நினைவிருக்கிறது. நீங்கள் தள்ளாடி வெளியே வந்து, மழையிலேயே உட்கார்ந்து வாந்தி எடுத்தீர்கள். முதலில் தோம்பின் தலையை மூடியிருக்கிறீர்கள்; பிறகு, ஊதினால் பொறி பறக்குமோ என்று பயந்து, எரியும் திரியை ஈரத் துண்டோடு விரலால் நசுக்கியிருக்கிறீர்கள். விரல் நுனி வெந்திருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"பயமா இருந்துச்சுடி" என்றீர்கள். "ரொம்பப் பயமா இருந்துச்சு."

மறுநாள் கடைக்காரர் வந்து குழாயைக் கழற்றிக் காட்டினார். எலிக்கடி. செம்பனைக் காட்டு எலி வீட்டுக்குள் வருவது நமக்குப் புதிதில்லை, ரப்பரைக் கடிக்கும் என்றுதான் யாரும் நினைக்கவில்லை. பிள்ளை தரையில் படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை அவர் சொல்லவில்லை, தூளி தொங்கிய கொக்கியை அண்ணாந்து பார்த்தார், அவ்வளவுதான். உங்கள் வீட்டுக்காரர் அடுப்பைத் தூக்கி வெளியே போடச் சொன்னார். என் வீட்டுக்காரர் தலை குனிந்து நின்றார். எனக்கும் அது போனால் போதும் என்றிருந்தது. நீங்கள்தான் வேண்டாம் என்றீர்கள்.

"உள்ள இருந்தவங்க யாரும் பயப்படல. பயந்தவ வெளிய நின்னுட்டேன். இனிமே அடுப்பு பயப்படுறவ கையில இருக்கட்டும்."

அன்று முதல் அடுப்படி உங்களுடையதாயிற்று. குழாயைத் தரையில் படாமல் தூக்கிக் கட்டினீர்கள். மழையோ வெயிலோ, சன்னலைத் திறக்காமல் தீக்குச்சியை எடுத்ததில்லை. குச்சியைக் கிழித்துப் பிடித்த பிறகுதான் குமிழைத் திருப்புவீர்கள். ஏதாவது கொதிக்கும்போது வாசலில் யார் கூப்பிட்டாலும் நகரமாட்டீர்கள். சமையல் முடிந்ததும் அடுப்பை மூடி, தோம்பின் தலையையும் மூடுவீர்கள். இத்தனை செய்தும் உங்கள் பயம் போகவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். தோட்டத்தை விட்டு நாம் கிளம்பும் வரை, குச்சியைப் பிடித்த உங்கள் கை நடுங்காத நாளே இல்லை. நடுக்கத்தோடே பற்றவைத்து, நடுக்கத்தோடே எங்கள் எல்லாருக்கும் சோறு போட்டீர்கள். அந்தத் தூளிப் பிள்ளைதான் அன்று டுரியானைக் காட்டிய என் மகள்.

உங்கள் கடைசி நாள்களில், நெஞ்சுச் சளி முற்றிப் படுக்கையில் கிடந்தபோது உங்களுக்கு ஆள் அடையாளம் தவறிக்கொண்டிருந்தது. நான் பகலில் வந்து கூட இருப்பேன். ஒருநாள் கஞ்சி ஊட்டும்போது என் கையைப் பிடித்து நிறுத்தினீர்கள்.

"அடுப்ப மூடிட்டியா?"

"மூடிட்டேன்கா."

"போயிப் பாத்துட்டு வா."

கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். மூடித்தான் இருந்தது. திரும்பி வந்து சொன்னதும் வாயைத் திறந்து அடுத்த வாய் வாங்கிக்கொண்டீர்கள்.

மகள் என்னை மருத்துவரிடம் காட்டலாம் என்கிறாள். இந்த வயதில் இவ்வளவு பயம் உடம்புக்கு ஆகாதாம். நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சமைத்து முடித்து, எல்லாவற்றையும் மூடிவிட்டு வந்து உட்காருகிறேன். கொஞ்ச நேரத்தில் எழுந்து மறுபடி போய்ப் பார்க்கிறேன். போகச் சொல்ல யாரும் இல்லை. இருந்தாலும் போகிறேன், அக்கா.