யோகா எடுத்த தட்டு

அன்புள்ள அத்தானுக்கு,

போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள். "கண்ணும் தெரியாது, காதும் கேக்காது, அவகிட்ட என்னத்தக் கேக்க?" என்றீர்கள். நம் யோகாவுக்குப் பதினெட்டு முடிந்ததால், இனி எங்கே இருக்கப் போகிறாய் என்று தென்காசிப் பள்ளியில் அவளிடமே கேட்டார்கள், பொருளைக் கையில் கொடுத்து. வீட்டோடு இருப்பதென்றால் என் வளையல். குற்றாலத்தில் தங்கித் தட்டு செய்யும் வேலை பார்ப்பதென்றால் பாக்குமட்டைத் தட்டு.

யோகா தட்டை எடுத்தாள்.

தெரியாமல் எடுத்துவிட்டாளோ என்று வளையலை மறுபடியும் அவள் கையில் வைத்தேன். "எக்கா, அவதான் சொல்லிட்டால்லா," என்றார் டீச்சர். அவள் என் கையைத் தேடிப் பிடித்து வளையலை மாட்டிவிட்டாள்.

நேற்று கொண்டுபோய் விட்டேன். அங்கே நல்ல சாரல். அவள் அழவில்லை.

மகளைப் பார்க்கத்தான் லீவு போட்டு ஊருக்கு வருவதாகச் சொல்வீர்கள். இனி வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன். வருவதென்றால் வாருங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி