நெற்றிக்கு எதிரே உன் உள்ளங்கை

இன்று பிசியோதெரபி அறையில் என்னைக் கவிழ்ந்து படுக்கச் சொல்லி, கழுத்தின்மேல் சூட்டுப் பையை வைத்தார்கள். வெந்நீர்த் தொட்டியில் ஊறிக் கிடக்கும் அதே கித்தான் பை. துண்டில் சுற்றித்தான் வைத்தார்கள், ஆனாலும் ஆவி மூக்குக்கு வந்துவிட்டது. வேர்க்கடலை ஓட்டோடு வேகும் வாசனை. முதல் தடவை என்னோடு வந்தபோது அதைக் கண்டுபிடித்தவள் நீதான். கீழ்பென்னாத்தூர்க்காரி ஆயிற்றே, உனக்கு அது மல்லாட்டை. "இன்னாங்க, உங்க கழுத்துல மல்லாட்ட வேவுது" என்று அறைக்கே கேட்கும்படி சொன்னாய். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்த வெள்ளைக்காரர் ஒன்றும் புரியாமலே சிரித்தார். தியானம் பண்ண வந்து கழுத்தைப் பிடித்துக்கொண்டவர் என்று நீயே விசாரித்து வைத்திருந்தாய். கவிழ்ந்து படுப்பதில் ஒரு சௌகரியம், முகத்தை யாரும் பார்ப்பதில்லை. இன்று அது எனக்குத் தேவைப்பட்டது.

என் கழுத்துவலி ஊருக்கே தெரியும். நான்தானே சொல்லித் திரிந்தேன். பத்திரம் எழுதுகிறவன். அடுத்தவன் நிலத்துக்கு நான்கெல்லை எழுதி எழுதியே குனிந்து போன கழுத்து. முதலில் காகிதத்துக்குக் குனிந்தேன், அப்புறம் கம்ப்யூட்டருக்கு, வேலை இல்லாத நேரத்தில் செல்போனுக்கு. வலி வந்ததும் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். தலையணையே கூடாது என்றார் ஒருவர், இரண்டு வை என்றார் இன்னொருவர். கழுத்துப் பட்டை போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். பத்திரம் எழுத வந்த கட்சிக்காரர் ஒருவர் தன் மனையின் கதையை அரைமணி நேரம் சொன்னார். என்னால் தலையாட்ட முடியவில்லை. ஏதோ வில்லங்கம் இருக்கிறது போல என்று பயந்து, பத்திரம் எழுதாமலே எழுந்து போய்விட்டார். அன்றைக்கு நீ சிரித்த சிரிப்பில் சாம்பார் தீய்ந்தது.

செங்கம் ரோட்டில் இருந்த அந்தப் பிசியோதெரபிப் பெண்ணிடம் என்னை இழுத்துக்கொண்டு போனதும் நீதான். சூடு, மிஷின் எல்லாம் அன்றைய வலிக்குத்தான், கழுத்துத் தசைக்குப் பலம் வந்தால்தான் வலி அடங்கும் என்று அவள் விளக்கினாள். "உள்ளங்கைய நெத்தியில வச்சு, தலைய முன்னாடி தள்ளுங்க சார். கை விட்டுக்குடுக்கக் கூடாது. மெதுவா, ஆனா ரெண்டும் எதிர்க்கணும். தலை நகரவே கூடாது."

"அதான் எங்க வீட்ல தெனம் நடக்குதே" என்றாய் நீ.

பக்கவாட்டுக்கும் பின்னந்தலைக்கும் என் கையே போதும் என்று விட்டுவிட்டாய். நெற்றியை மட்டும் நீ எடுத்துக்கொண்டாய். விளக்கு வைத்ததும் எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து என் நெற்றியில் கையை வைத்து எண்ணுவாய். உன் அப்பா களத்தில் மல்லாட்டை அளக்கும்போது முதல் மரக்காலை ஒன்று என்று சொல்ல மாட்டார், லாபம் என்பார். நீயும் அப்படித்தான். "லாபம்... ரெண்டு... மூணு..." செடி பிடுங்கி வளர்ந்த கை. நான் மூச்சுப் பிடித்துத் தள்ளினாலும் இம்மி அசையாது. ஜன்னல் வழியாக இதைப் பார்த்த எதிர்வீட்டு அக்கா, பத்திரக்காரருக்குப் பேய் பிடித்திருக்கிறது, பொண்டாட்டி ஓட்டுகிறாள் என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு, விபூதியோடு வந்து நின்றார். "இவர புடிச்ச பேயே நான்தான்க்கா. நான் எங்க ஓட்றது?" என்று அனுப்பி வைத்தாய். வலியும் குறைந்தது. மெய்யாகவே குறைந்தது.

அப்புறம்தான் உன் வயிற்றில் கட்டி என்றார்கள். வேலூருக்கும் வீட்டுக்குமாக அலைந்தோம். மருந்து ஏற்றிக்கொண்டு வந்த அன்றைக்குக்கூட ஸ்டூலை இழுத்துப் போடுவாய். இன்றைக்கு வேண்டாம், படு என்றால் கேட்க மாட்டாய். "என் நோவு என்னோட. உங்க கழுத்து இன்னா பாவம் பண்ணுச்சு?"

மருந்து கேட்கிறது என்றார்கள் டாக்டர்கள். ரிப்போர்ட் தேவலாம் என்றார்கள். சென்னையில் இருக்கும் மகள் போனில் அழுவதை நிறுத்திவிட்டுப் பழையபடி சண்டை போட ஆரம்பித்திருந்தாள். என் நெற்றிக்கு மட்டும் வேறு சேதி வந்துகொண்டிருந்தது. மருந்து ஏற ஏற உன் கை லேசாகிக்கொண்டே போனது. முன்பு மதிலைத் தள்ளுவது போலிருந்தது, தாழ் போடாத கதவைத் தள்ளுவது போல் ஆகிவிட்டது. டாக்டரிடம் சொல்லிப் பார்த்தேன். இந்த மருந்துக்கு அசதி இருக்கும் என்றார். எவன் வீட்டு ரகசியத்தையும் ஒருவேளைச் சாப்பாடு வரை வயிற்றில் வைத்திருக்கத் தெரியாதவன் நான். எந்த வம்பு கிடைத்தாலும் முதலில் உன்னிடம்தானே ஓடிவந்து கொட்டுவேன். இதை யாரிடம் கொட்டுவது?

எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். தள்ளுவதைக் குறைத்துக்கொண்டேன். உன் கை எவ்வளவு தாங்குமோ அவ்வளவுக்கு மட்டும். முக்கலும் முனகலும் முன்னைவிட ஜாஸ்தியாகவே நடந்தது. தலை நகரவில்லை. "பாத்தீங்களா, இப்பவும் உங்களால ஆவல" என்று ஜெயித்தவள் மாதிரி சிரித்தாய். சில நாள் அப்படி ஓடியது. ஒருநாள் எண்ணிக்கையை நடுவில் நிறுத்தினாய்.

"இன்னாங்க, கம்மியா தள்றீங்க?"

"வலி ஜாஸ்தியா இருக்குதும்மா இன்னைக்கு."

"பொய் சொன்னா உங்க புருவம் மேல ஏறும். என் கைக்குத் தெரியாதா?"

நான் புருவத்தை இறக்கிக்கொண்டேன். நீ கையை எடுக்கவில்லை. எதிர்வீட்டு டிவியில் யாரோ யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சரி, அப்டியே தள்ளுங்க" என்றாய். "இதுவே போதும்."

அதன்பிறகு நாம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. தினமும் எதிரெதிரே உட்கார்ந்தோம். நீ தாங்குகிற மாதிரி இருந்தாய், நான் தள்ளுகிற மாதிரி இருந்தேன்.

கடைசியில் ஆஸ்பத்திரிக் கட்டிலின் ஓரத்தில் குனிந்து உட்கார்ந்திருந்தேன். பிசியோதெரபிப் பெண் பார்த்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பாள், அவ்வளவு கேடுகெட்ட உட்காரல். ஊசி குத்தாத கையை நீயாகவே தூக்கினாய். பாதி தூரம் நான் தலையைக் கொண்டுவந்தேன். "தள்ளுங்க" என்றாய். பலம் என்று எதுவும் இல்லை. கையின் கனம் மட்டும் இருந்தது. "லாபம்" என்று ஆரம்பித்தாய். ரெண்டு வரவில்லை. தூங்கிவிட்டாய். நான் தள்ளவும் இல்லை, விலகவும் இல்லை. நர்ஸ் வந்து உன் கையை எடுத்துப் போர்வைக்குள் வைக்கும் வரை, கழுத்து தெறிக்கத் தெறிக்க அப்படியே இருந்தேன்.

நீ போன பிறகு வலி திரும்பி வந்துவிட்டது. சூட்டுப் பையை எடுத்த பிறகு, இன்று பிசியோதெரபிப் பெண் கழுத்தைச் சோதித்துப் பார்த்தாள். பழைய பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள், இவள் புதியவள். வலப்பக்கம் அழுத்தினாள், தேவலாம் என்றாள். இடப்பக்கமும் அப்படியே. பின்னந்தலை இன்னும் நல்லது. நெற்றியில் இரண்டு விரலை வைத்ததுமே தலை பின்னால் சாய்ந்துவிட்டது.

"இன்னா சார், முன்பக்கம் மட்டும் இவ்ளோ வீக்கா இருக்குது? இத மட்டும் பண்றதில்லியா?"

பண்ணுவதில்லை. மற்ற மூன்று பக்கமும் தினமும் ஒழுங்காகச் செய்கிறேன். இதற்குக் கையைத் தூக்குவேன், நெற்றி வரை போகும், மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துவிட்டு இறங்கிவிடும். இதை அவளிடம் எப்படிச் சொல்வது?

"தனியா பண்ணா விட்டுப்போவும் சார். வீட்ல அம்மா இருப்பாங்க இல்ல? எதிர்ல உக்காந்து கைய வச்சிப் புடிக்கச் சொல்லுங்க."

"சொல்றேம்மா" என்று எழுந்து வந்துவிட்டேன்.

இதோ, உன்னிடம் சொல்லிவிட்டேன்.