விரல்நகம் அளவு கத்தி

மார்ச் 4

அன்புள்ள ‘என்னங்க’வுக்கு,

நலம்தான். ஆள்தான் கறுத்துப்போனேன். நாள் முழுக்க அகழாய்வுக் குழியின் மண்ணைச் சலிக்கிறேன். நேற்று சல்லடையில் விரல்நகம் அளவில் ஒரு கல் கத்தி. இவற்றைக் கம்பில் வரிசையாகப் பிசின் வைத்துப் பதித்து வேட்டைக்குப் போவார்களாம். கூர் பார்க்கலாமென்று தடவினேன், விரலைக் கிழித்துவிட்டது. எத்தனையோ ஆயிரம் வருஷம் மண்ணுக்குள் கிடந்தும் ரோஷம் போகவில்லை.

மூன்று மாதம் என்றுதானே வந்தேன்? இங்கேயே நிரந்தர வேலை தருகிறேன் என்கிறார் தலைமை ஆய்வாளர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

உங்கள்
கல்லுளிமங்கி

மார்ச் 11

அன்புள்ள கல்லுளிமங்கிக்கு,

முதலில் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள். பழங்காலத்துக் கல் என்று கிருமி மரியாதை பார்க்காது. வார்டில் தினமும் ஊசி போடுகிறவன் சொல்கிறேன்.

சமையலறைக் குழாய் சொட்டுகிறது. பக்கத்து வீட்டு அக்கா பார்க்கும்போதெல்லாம் நீ எப்போது வருகிறாய் என்று கேட்கிறார். சிரித்து மழுப்புகிறேன். பழக்கதோஷத்தில் இரண்டு டம்ளர் டீ போட்டுவிட்டு, இரண்டையும் நானே குடிக்கிறேன்.

வேலை விஷயம் உன் விருப்பம். என்னால் உனக்குத் தடை வேண்டாம்.

உன்
என்னங்க

மார்ச் 19

அன்புள்ள உங்களுக்கு,

ஊசி போட்டாச்சு. உங்கள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். ‘வந்துவிடு’ என்று எங்காவது இருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் கோபம் வந்திருக்கும். இல்லையென்றதும் அழுகை வந்தது.

நேற்று ஒரு குழியில் கல் சில்லுகள் அரைவட்டமாகச் சிதறிக் கிடந்தன. நடுவில் மட்டும் ஒன்றுமில்லை. அங்கே உட்கார்ந்துதான் யாரோ கத்தி செதுக்கியிருக்கிறார். சில்லுகள் அவர் காலைச் சுற்றி விழுந்திருக்கின்றன. எதிரே, பேச்சுக் கேட்கும் தூரத்தில், அதேபோல் இன்னொரு வெற்றிடம். அதற்குமேல் எனக்கு வேலை ஓடவில்லை.

சம்மதம் சொல்லிவிட்டேன். இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ் கிடைக்காமல் திண்டாடுகிறார்கள். ‘உங்கள் விருப்பம்’ என்றெல்லாம் நான் எழுத மாட்டேன். வாங்க.

உங்கள்
கல்லுளிமங்கி

மார்ச் 27

என் கல்லுளிமங்கிக்கு,

ராஜினாமாக் கடிதத்தை நீட்டியதும் மேட்ரன் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார்.

“பொண்டாட்டி கூப்பிட்டாளா?”

ஆமாம் என்று வேகமாகத் தலையாட்டினேன். பாக்கி இருக்கிற லீவை எடுத்துக்கொண்டு உடனே கிளம்பு என்று விரட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியான பஸ்ஸில் வந்து இறங்குகிறேன். வெயிலில் நிறுத்தத்துக்கு வந்து நிற்க வேண்டாம் என்று எழுதத்தான் நினைத்தேன்.

வந்து நில்.

உன்
என்னங்க